படகுப் பட்டறையில் மாதிரி ரயில் இஞ்சினுக்கு மரை போட்ட வேலை: ஒரு மதிப்புரை

மண்டபத்தில் விசைப்படகு இஞ்சின் பாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஒரு சிறிய லேத் பட்டறையில், என்னிடமுள்ள, ஹெச்.ஓ. என்னும் மாதிரி ரயில் அளவில் அமைந்த அமெரிக்க டீசல் இஞ்சினின் அடிச்சட்டத்தில் மரை (திருகாணி பிடிக்கும் சுருள்வரி) அழிந்திருந்த மூன்று துளைகளைச் சரிசெய்து வாங்கினேன். இப்படி 1:87 விகிதத்தில் அமைந்த நுண்ணிய பொருளைப் படகுப் பட்டறையில் கொடுக்கலாமா என்று தயங்கும் ஆர்வலர்களுக்கு இந்த அனுபவம் பயன்படும்.

அடிச்சட்டம் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டது. அது மென்மையான உலோகம் என்பதால், எஃகுத் திருகாணியை அளவுக்கு மீறி முறுக்கும்போது துளையின் மரைதான் அழிகிறது. திருகாணிக்கு ஒன்றும் ஆவதில்லை. நம் கடற்கரையில் இன்னொரு கேடும் சேர்கிறது: உப்பு ஈரம் படிந்த இடத்தில் எஃகும் துத்தநாகமும் ஒட்டியிருந்தால், துத்தநாகமே முதலில் அரிக்கப்பட்டு வெள்ளை மாவாக உதிரும்.

மேஸ்திரி வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொரு துளையையும் சுற்றி எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தார். மேல்கூட்டைத் தாங்கும் இரண்டு துளைகளில் போதிய கனம் இருந்தது. அவற்றின் பழைய திருகாணி 2-56 என்னும் அங்குல அளவு; விட்டம் 2.18 மி.மீ., அங்குலத்துக்கு 56 மரை, அதாவது மரை இடைவெளி ஏறக்குறைய 0.454 மி.மீ. நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் எம் 2.5 (விட்டம் 2.5 மி.மீ.) திருகாணியின் இடைவெளி 0.45 மி.மீ. மரை முற்றிலும் வழித்துப்போய் 2.18 மி.மீ. வரை அகன்ற துளையிலும், எம் 2.5 மரை பிடிப்பதற்குத் தேவையான உலோகம் மிஞ்சுகிறது. ஆகவே துளையிடும் கருவியைத் தொடாமல் டேப் என்னும் மரை வெட்டும் கருவியை மட்டும் கொண்டு புதிய மரை வெட்ட முடிந்தது. மண்ணெண்ணெய் தொட்டு, கையாலேயே அரைச்சுற்று முன்னும் கால்சுற்று பின்னுமாக அவர் திருப்பிய நிதானம் எனக்கு மிகவும் பிடித்தது. “அவசரப்பட்டா டேப்பு உள்ளேயே ஒடிஞ்சிரும் தம்பி, அப்புறம் சட்டமே போச்சு,” என்றார். அடிமூடிய துளைகள் என்பதால் முதலில் கூர்நுனி டேப்பையும், முடிவில் அடிவரை வெட்டும் மொட்டை நுனி டேப்பையும் பயன்படுத்தினார்.

மூன்றாவது, இணைப்புக் கொக்கியைப் பிடிக்கும் துளை, முட்டை வடிவில் அகன்றிருந்தது. அங்கே 3.3 மி.மீ. துளையிட்டு எம் 4 மரை வெட்டி, அதே அளவில் கடைந்த பித்தளைக் கட்டையை எபாக்சி தடவி முறுக்கி, பசை இறுகியபின் நடுவில் 1.6 மி.மீ. துளையிட்டு எம் 2 மரை போட்டார். பற்றவைத்து அடைக்கலாமே என்று கேட்டபோது மறுத்துவிட்டார். துத்தநாகக் கலவை 400 பாகை செல்சியஸுக்கும் கீழேயே உருகிவிடும் என்பதால் அந்த மறுப்பு சரியானதே.

ஒரு குறை உண்டு. பித்தளைக் கட்டையின் துளை மையத்திலிருந்து மயிரிழை விலகியிருந்ததால், கொக்கிப் பெட்டியின் துளையை ஊசி அரத்தால் சற்று அகற்ற வேண்டியிருந்தது. பெரிய லேத்தின் சக் (பொருளைப் பிடித்துச் சுழற்றும் பிடி) இத்தனை சிறிய வேலைக்கு ஏற்றதன்று. ஆனாலும் கொக்கியின் உயரம் மாறவில்லை. எம் 2.5 திருகாணிக்கு ஏற்ப மேல்கூட்டின் துளைகளையும் நாமே சற்று அகற்றிக்கொள்ள வேண்டும்.

கொடுப்பதற்கு முன் மோட்டாரையும் மின்சுற்றுப் பலகையையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள். துத்தநாக, பித்தளைத் தூள் காந்தத்தில் ஒட்டாது என்றாலும் மின்கசிவை உண்டாக்கும். வெறும் சட்டத்தைத் தந்தால், அவரும் காற்றடித்துச் சுத்தமாகத் திருப்பித் தருகிறார். திருகாணிகளுக்குக் கிரீஸ் தொட்டுப் போட்டுக் கொடுத்தது நான் கேட்காமலே கிடைத்த உதவி. உப்புக் காற்று மரைக்குள் புகாமல் அது காக்கும். கூலி நியாயமாக இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் பழுது பார்க்கக் கரையேறுவதால் பட்டறையில் இதுபோன்ற சிறு வேலைக்கு இடமிருக்காது. மற்ற மாதங்களில், படகுகள் கடலுக்குப் போயிருக்கும் நாளாகப் பார்த்துச் செல்வது நல்லது.