மாத்தாள் கணக்குக்கு ட்ரூபலா, வேர்ட்பிரஸ்ஸா, சைக்ளோஸா?

பாலக்கோடு பக்கம் தக்காளிப் பறிப்பும் கேழ்வரகு அறுப்பும் ஒன்றாக வந்துவிட்டால் கூலி கொடுக்கக் கையில் காசு புரளாது. ஒருத்தர் நிலத்துக்கு இன்னொருத்தர் மாத்தாள் போய்ச் சமாளிப்பார்கள். அந்தக் கணக்கை நோட்டிலிருந்து கணினிக்குக் கொண்டுபோக நினைக்கும் மகளிர் குழுவுக்கு எது தோது: இணையத்தளம் கட்டும் மென்பொருள்களான ட்ரூபலும் வேர்ட்பிரஸ்ஸுமா, கொடுக்கல் வாங்கல் கணக்குக்கென்றே எழுதிய சைக்ளோஸா?

கணக்கு எளிது. ஒருத்தி அரை நாள் களையெடுத்தால் அவளுக்கு +1, நிலத்துக்காரிக்கு −1. எல்லார் இருப்பையும் கூட்டினால் எப்போதும் பூஜ்யம். 1983-இல் கனடாவின் காமாக்ஸ் பள்ளத்தாக்கில் மைக்கேல் லிண்டன் தொடங்கிய லெட்ஸ் என்ற, ஊர்க்காரர்கள் காசில்லாமல் பரிமாறிக்கொள்ளும் முறையும் இதுதான்.

வேர்ட்பிரஸ்ஸில் புள்ளிக் கணக்கு வைக்கும் மைகிரெட் செருகுநிரலை (கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் துண்டு மென்பொருள்) சட்டென்று நிறுவிவிடலாம். ஆனால் தளத்தில் பதிந்தால் புள்ளி, உள்ளே வந்தால் புள்ளி என்று வாரி வழங்கப் பிறந்தது அது. நிர்வாகி நினைத்தால் யாருக்கும் நூறு புள்ளி போடலாம். எதிர்ப்பக்கம் யாருக்கும் பற்று விழாது. கடைப் பரிசுக்கு சரி, வெயிலில் குனிந்து செய்த வேலைக்கு ஆகாது.

ட்ரூபலுக்கு மேத்யூ ஸ்லேட்டர் எழுதிய மியூச்சுவல் கிரெடிட் மாட்யூலில் (ட்ரூபலின் செருகுநிரல்) தருபவரும் பெறுபவரும் ஒரே பதிவில் வருவார்கள். −10-க்குக் கீழே போகக்கூடாது என்று வரம்பு வைக்கலாம். எதிராளி ஒப்புக்கொண்ட பிறகே கணக்கில் ஏறும்படியும் செய்யலாம். “நீ மதியமே கெளம்பிட்டியேக்கா” என்ற சண்டை அப்போதே தீர்ந்துவிடும். தொல்லை எல்லாம் பராமரிப்பில். ட்ரூபல் 7-க்கான ஆதரவு 2025 ஜனவரி 5-ஓடு முடிந்தது. அதிலிருந்து புதிய பதிப்புக்குப் போவது வீட்டை இடித்துக் கட்டுகிற வேலை. ட்ரூபலை நிறுவவும் புதுப்பிக்கவும் உதவும் கம்போசர் கருவி தெரிந்த பையன் ஓசூர் கம்பெனிக்குப் போனபிறகும் போனை எடுப்பானா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நெதர்லாந்தின் ஸ்ட்ரோ அமைப்பு உருவாக்கிய சைக்ளோஸ், வங்கிக் கணக்கு மாதிரி கெட்டியானது. குறுஞ்செய்தியிலும் இயங்கும், பென்னாகரம் மலையோரத்து பட்டன் போன்காரர்களுக்கு அது பெரிய விஷயம்தான், குறுஞ்செய்திச் செலவை யாராவது ஏற்றால். 3-ஆம் பதிப்பு திறமூலம், அதாவது அதன் நிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம்; 4-ஆம் பதிப்பு அப்படியில்லை. குழுவுக்கேற்ப உள்ளே கைவைத்து மாற்ற முடியாது.

என் ஓட்டு ட்ரூபலுக்கு. பட்டன் போன்காரர்கள் பதிவை வாரக் கூட்டத்தில் குழுத் தலைவியே போடலாம், மாட்யூல் அதற்கு இடம் தருகிறது. பராமரிக்க ஆளே கிடைக்காத ஊரானால் மட்டும் சைக்ளோஸ். எதுவானாலும் இருப்புப் பட்டியலை மாதம் ஒருமுறை அச்செடுத்துக் கூட்டத்தில் வாசித்துவிடுங்கள். கூட்டுத்தொகை பூஜ்யம் வராவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும்.