"ஒரு நோயும் வராது" என்று விற்ற வத்தக (தர்ப்பூசணி) விதை: ஒரு போகம் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

விதை நல்ல விதை. விற்றவர் சொன்ன கதையில்தான் பாதிக்கு மேல் காற்று. மாரி முடிய களுதாவளை, தேற்றாத்தீவுப் பக்கம் இன்னும் எத்தனையோ பேர் இதே விதைப் பேணியை (டின்னை) வாங்கப் போவார்கள், அதனால்தான் இரண்டையும் பிரித்து எழுதுகிறேன்.

வாங்கினது மட்டக்களப்பு டவுனில் ஒரு விதைக் கடையில். பெயர் வேண்டாம், மனிதர் நல்லவர், தெரிந்த ஆளென்றால் கடனும் தருவார். மார்கழிக் கடைசியில் போய், வழமையாகப் போடும் சுகர் பேபி வேண்டாம், பிஞ்சு பிடிக்கிற நேரம் பார்த்துச் சாகிறது, வேறு ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு பேணியைக் கொண்டுவந்து மேசையில் டக்கென்று வைத்தார். "தம்பி, இது ஹைபிரிட். ஒரு நோயும் கிட்ட வராது. கண்ணை மூடிக்கொண்டு ஊன்றுங்க." ஹைபிரிட் என்றால் இரண்டு வகையைக் கலந்து எடுத்த விதை. 10 கிராம், நாலாயிரத்துக்குக் கிட்ட. சுகர் பேபி விலையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். வீட்டுக்கு வந்து எண்ணினேன், 200க்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அப்படிப் பார்த்தால் ஒரு விதை இருபது ரூபாய்க்குக் கிட்ட வருகிறது, எறும்பு ஒன்றை இழுத்துக்கொண்டு போனாலும் துரத்திக்கொண்டு ஓடவேண்டியதுதான்.

எங்கள் தோட்டம் கடற்கரை மணல். மிளகாய், கத்தரி என்று மற்றத் துண்டுகளில் மாற்றி மாற்றி நடுவோம், ஆனால் வத்தகப்பழத்துக்கு மட்டும் எப்போதும் கிணற்றடித் துண்டுதான், தண்ணீர் இறைக்கச் சுகம் என்பதால். அது நாங்களே தேடிக்கொண்ட வினை. வாடல் நோயைக் கண்டவர்களுக்குத் தெரியும். கொடி ஓடி, பூத்து, தேசிக்காய் அளவில் பிஞ்சு நிற்கும்போது ஒருநாள் மத்தியானம் ஒரு கொடி மட்டும் சோரும். பொழுதுபட நிமிர்ந்துவிடும். வெயிலுக்காக்கும் என்று நினைத்து இன்னும் இரண்டு வாளி ஊற்றுவோம். அடுத்த நாளும் அதே கதை. நாலாம் நாள் நிமிராது. அடித்தண்டைக் கத்தியால் சரித்து வெட்டிப் பார்த்தால், உள்ளே வெளிர்பச்சையாக இருக்கவேண்டிய இடத்தில் தேயிலைச் சாயம் ஊறின மாதிரி ஒரு பழுப்பு வளையம் இருக்கும். பியூசேரியம் என்ற மண் பூஞ்சணம் வேர் வழியாக ஏறி, கொடி தண்ணீர் குடிக்கிற குழாயையே அடைத்த அடையாளம் அது. அந்த நேரத்தில் மேலே எதைத் தெளித்தாலும் காசுதான் போகும். வத்தகக் கொடியே இல்லாவிட்டாலும் பல வருடம் மண்ணுக்குள் படுத்துக் கிடக்கக்கூடிய சாமான்.

சரி, சோதிப்பதென்றால் முறையாகச் சோதிப்போம் என்று வேண்டுமென்றே அதே கிணற்றடித் துண்டில் 80 குழி வெட்டினேன். 60 குழியில் பேணி விதை, 20 குழியில் சுகர் பேபி, இரண்டையும் இடையிடையே கலந்து. பொங்கல் கழிந்த அடுத்த கிழமை நட்டது. பேணி விதை ரோஸ் நிறத்தில் மருந்து பூசி வரும், ஊன்றி முடிய விரலெல்லாம் திருவிழாவுக்குப் போய் வந்த மாதிரி ஆகிவிட்டது, சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினேன். பிள்ளைகள் உள்ள வீட்டில் கவனம். முளைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆறாம் நாள் கிட்டத்தட்ட எல்லாக் குழியிலும் காது விரித்து நின்றது.

மாசி முடியும்போது சுகர் பேபி ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கியது. பங்குனி நடுப்பகுதிக்குள் 20இல் 13 குழி வெறுங்குழி. பேணி விதையில் 60இல் 4தான் போனது. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே உரம், ஒரு கொடிக்கும் அடுத்த கொடிக்கும் இடையில் இரண்டு முழம். என் தோட்டத்து மண் சொன்ன சாட்சி இது, இதற்கு மேல் விளம்பரம் தேவையில்லை.

அந்த 4 ஏன் போனது என்று கடைக்காரரிடம் கேட்டால் "நீங்க தண்ணி கூட விட்டிருப்பீங்க" என்றார். விடை பேணியின் பின்பக்கத்திலேயே இருந்தது, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். எச்ஆர், அதற்குப் பக்கத்தில் எஃப்ஓஎன் 0, 1. அதன் கீழே ஐஆர், சிஓ 1. யாரும் வாசிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அச்சடிக்கிறார்களோ தெரியாது, ஆனால் நாலாயிரம் ரூபாயின் முழுப் பெறுமதியும் அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது.

எச்ஆர் என்றால் நன்றாகத் தாங்கும், ஐஆர் என்றால் ஓரளவு தாங்கும். இரண்டிலும் "வரவே வராது" என்ற பொருள் இல்லை. மண்ணில் பூஞ்சணம் மலிந்து கிடந்தால் எச்ஆர் கொடியிலும் ஒன்றிரண்டு விழும். எஃப்ஓஎன் என்பது வத்தகக் கொடியைப் பிடிக்கிற பியூசேரியம். இதே பியூசேரியத்தில் முலாம்பழத்தைப் பிடிப்பது வேறு வகை, ஒன்று மற்றதைத் தொடாது. பக்கத்தில் உள்ள 0, 1 என்பவை அந்தப் பூஞ்சணத்துக்குள்ளேயே உள்ள இனங்கள். இன்றைக்கு 0, 1, 2, 3 என்று எண்ணுகிறார்கள். 0 என்பது எந்த இனத்தையும் தாங்காத கொடியைத்தான் சாய்க்கும், 1 அதைவிடக் கெட்டிக்காரன், 2 வந்து சேர்ந்தால் பேணியில் எழுதினதை நகத்தால் சுரண்டி எறிந்துவிடலாம். தாங்குகிற விதை கிடைத்துவிட்டதே என்று அதே துண்டில் வருடா வருடம் போட்டால், அந்த விதைக்கு அடங்காத இனத்தை நாமே சோறு போட்டு வளர்த்த மாதிரி. இதைத்தான் கடையில் சொல்லவேண்டும். சொல்லவில்லை.

சிஓ 1 என்பது அந்திரக்னோசு, இலையிலும் காயிலும் குழிந்த புள்ளி போடுகிற நோய். அது எங்கள் தோட்டத்துக்கு வரவேயில்லை, அதனால் அந்த வரி சரியா பிழையா என்று சொல்ல என்னால் முடியாது.

இந்தத் தாங்குகிற குணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நல்ல கதை. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் ஓர்ட்டன் என்றொருவர், இனிப்பான வத்தக வகை ஒன்றை, வாயில் வைக்க முடியாத, கல்லு மாதிரிச் சதை உள்ள சிட்ரன் என்ற வகையோடு கலந்தார். சிட்ரனுக்கு வாடல் ஏறவில்லை என்பதுதான் காரணம். பிறகு தலைமுறை தலைமுறையாக வாடல் மண்ணிலேயே நட்டு, செத்தது சாகட்டும் என்று விட்டு, மிஞ்சினதில் தின்னக்கூடியதைத் தெரிந்து தெரிந்து 1911இல் கொன்கரர் என்ற வகையை வெளியே விட்டார். கொடி சாகவில்லை, பழம்தான் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. சிட்ரனில் இருந்து நல்ல குணத்தை மட்டும் உருவி எடுக்க இன்னும் பல வருடம் போனது. 1954இல் வந்த சார்ல்ஸ்டன் கிரே வாடலையும் அந்திரக்னோசையும் ஒன்றாகத் தாங்கி, லொறியில் ஏற்றினாலும் உடையாத தோலோடு வந்தது. 2ஆம் இனத்தைத் தாங்கும் குணத்தையும் ஆபிரிக்கக் காட்டு வத்தகக் கொடிகளில்தான் தேடிப் பிடித்திருக்கிறார்கள். அதை எடுக்கும்போது கசப்பும் வெளிறின சதையும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும், அவற்றைக் கழற்றுவதில்தான் ஆட்களின் ஆயுள் போகிறது.

அந்தத் தோல் விஷயம் எங்கள் பேணிப் பழத்திலும் தெரிந்தது. சித்திரை வருசத்துக்கு ஒரு கிழமை முந்தி வெட்டினோம். பழம் நீளப் போக்கு, ஐந்தாறு கிலோ, தோல் தடிப்பு. கொழும்பு லொறிக்காரருக்குத் தோலைத் தட்டிப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வாய்க்குக் கேட்டால் எனக்கு சுகர் பேபிதான். மிஞ்சின 7 குழியில் வந்த சின்னக் கறுப்புப் பழத்தை வெட்டி மாமிக்குக் கொடுத்தேன், இதையும் கொடுத்தேன். "இது பழம், அது தண்ணி" என்றார். கொஞ்சம் அநியாயம், நடுச்சதை நல்ல இனிப்பு, தோலுக்குக் கிட்ட வரத்தான் சப்பென்று போகிறது.

இனி அடிபட்ட இடம். மாசியில் எதிர்பாராத மழை மூன்று நாள் அடைத்துப் பெய்தது. அது விட்டு ஒரு கிழமையில் அடித்தண்டு வெடித்து, பனங்கட்டிப் பாகு மாதிரிச் செம்பழுப்புப் பிசின் கசிந்தது. பிசின் வடியும் தண்டழுகல் என்பது இதுதான். பேணியில் இதைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை, இருக்கவும் முடியாது, இதற்கு நன்றாகத் தாங்கும் வகையைச் சந்தைக்குக் கொண்டுவர இன்னும் பாடுபடுகிறார்கள். 5 குழி போனது. பிறகு பங்குனி வெயிலோடு இலைச்சாறு உறிஞ்சுகிற பனிப்பூச்சியும் அழுக்கணவனும். ஒரு ஓரத்தில் நுனி சுருண்டு, இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகி, காய் மேலே கொப்புளம் கொப்புளமாக நின்றது. வைரஸ். பிடுங்கி எரித்தேன். கடையில் போய்ச் சொன்னதற்கு முதலாளி கொஞ்சமும் அசராமல், "தம்பி, அது நோயில்லை, பூச்சி செய்த வேலை" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவருக்கு ஒரு பழம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதே நாள் அவர் தலையில் கட்டின இன்னொன்று, உள்ளே செம்மஞ்சளாக இருக்கிற மெலன் (முலாம்பழ) விதை, சின்னப் பைக்கற். அதற்குத் தனியாக எழுதும் அளவுக்கு ஒன்றும் இல்லை, பத்துக் குழி போட்டேன், வெண்தூள் பூஞ்சணம் கடைசியில்தான் லேசாக ஏறியது, பழம் வீட்டுக்குப் போதும். ஆனால் அதன் பூர்வீகத்தைத் தேடிப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. கலிபோர்னியாவில் 1925இல் வெண்தூள் வந்து முலாம்பழத் தோட்டங்களை வெள்ளையடித்துவிட்டுப் போனது. தாங்கும் விதையை இந்தியாவிலிருந்து போன ஒரு முலாம்பழத்தில் கண்டுபிடித்து 1936இல் பிஎம்ஆர் 45 என்ற வகையை விட்டார்கள். இரண்டு வருடம்தான், 1938இல் அதையும் மீறுகிற புது இனம் வந்துவிட்டது, மறுபடியும் இந்திய விதைகளில் தேடல். பிறகு அழுக்கணவனுக்கு மசியாத குணத்தை எடுத்த கொடிகளில் ஒன்று இந்தியாவின் வெடிக்கிற வெள்ளரி. கல்லாறு, களுவாஞ்சிகுடி ரோட்டோரத்தில் வெடித்த வயிற்றோடு ஓலையில் கட்டி விற்கிறோமே, சீனி போட்டுத் தின்கிற வெள்ளரிப்பழம், அதன் சொந்தக்காரர்தான். கொழும்பு சூப்பர் மார்க்கெட்டில் பளபளவென்று இருக்கிற மெலன், சாதி பார்த்தால் நம்ம வெள்ளரிக்கு ஒன்றுவிட்ட தம்பி.

இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது, கடையில் யாரும் சொல்லாதது. வெள்ளரிப்பழமும் மெலனும் ஒரே இனம், தேனீ கலந்துவிடும். வீட்டு வெள்ளரி விதையை வருடா வருடம் சாம்பலில் பிசைந்து வைக்கிறவர்கள் பக்கத்தில் ஹைபிரிட் மெலன் போட்டால் அடுத்த வருடம் வெள்ளரி என்று நட்டது வேறு ஏதோவாக முளைக்கும். வத்தகப்பழத்தால் அந்தப் பயம் இல்லை, அது இரண்டோடும் சேராது. "வத்தகக் கொடிக்குப் பக்கத்தில வெள்ளரி போட்டா சப்பென்று போகும்" என்று மாமி இன்றைக்கும் சொல்கிறார், அது சும்மா கதை. ஆனால் மெலன் பைக்கற்றைக் கண்டதும், "மறுகா என்ர வெள்ளரி விதைக்கு என்ன நடக்கும்?" என்று கேட்டதும் அவர்தான். நான் அன்றைக்குச் சிரித்தேன். இந்த வருடம் வெள்ளரியின் பெண்பூவை முதல்நாள் பின்னேரமே கடதாசியால் கட்டி, விடிய ஆண்பூவைப் பிடுங்கி நானே தடவி, அந்தக் காம்பில் சிவப்பு நூல் கட்டிக் கொடுத்தேன். நூல் கட்டின பழத்து விதையைத்தான் அவர் எடுத்து வைத்திருக்கிறார்.

பேணிப் பழத்து விதையை எடுத்து நடலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். நடலாம், முளைக்கும், ஆனால் ஹைபிரிட் என்பதால் அடுத்த தலைமுறையில் ஒன்று நீளம், ஒன்று உருண்டை, ஒன்று வாடும், ஒன்று நிற்கும். நாலாயிரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு போகத்தையே சீட்டாட்டம் ஆக்காதீர்கள்.

விதைக்கு ஐந்துக்கு நாலு, கடைப் பேச்சுக்கு ஒன்றரை. வருகிற தையில் நான் கிணற்றடித் துண்டை விட்டு வேறு துண்டில் போடப்போகிறேன், தண்ணீர்க் குழாய் நீளமாக ஒன்று வாங்கவேண்டும். பேணியில் இன்னும் நூற்றிச் சொச்சம் விதை இருக்கிறது, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறேன். களுவாஞ்சிகுடிப் பக்கம் வாடல் பிடித்த துண்டு உள்ள யாராவது பரீட்சித்துப் பார்க்க விரும்பினால் இருபது இருபதாகத் தருகிறேன், எத்தனை நின்றது எத்தனை விழுந்தது என்று எண்ணி எனக்குச் சொன்னால் போதும்.