மூணு கம்ப்யூட்டர், மூணு விதம், ஒரே லிப்ரேஆபிஸ்

திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டுல ஒரு செக்கிங், அயர்னிங் யூனிட்ல கணக்கும் பேக்கிங் லிஸ்ட்டும் பாக்கறேனுங்க. போன வருஷம் ஒரு கடையில ஆபிஸ் சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்தாங்க, கிராக் காப்பின்னு சொல்லவே இல்ல, அதுல வைரஸ் வந்து ஒரு சனிக்கெழம காலைல சம்பள ஷீட்டு ஒண்ணுகூட தொறக்கல, எல்லா ஃபைல் பேருக்குப் பின்னாடியும் ஏதோ புரியாத எழுத்து ஒட்டியிருந்துச்சு. ஷிஃப்ட் நோட்ட வெச்சு எல்லாத்தையும் மறுபடி போட ரெண்டு நாள் ஆச்சுங்க. அன்னைக்கு மொதலாளி அண்ணன் சொன்னது, "காசு குடுத்து வாங்குனாலும் சரி, சும்மா கெடச்சாலும் சரி, திருட்டு மட்டும் வேண்டாங் கண்ணு". அப்படித்தான் லெட்டர் அடிக்க, கணக்கு ஷீட்டு போட உதவற லிப்ரேஆபிஸ் வந்துச்சு. 2010ல ஓப்பன்ஆபிஸ்ல இருந்து பிரிஞ்சு வந்தது, டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன்ங்கற அமைப்பு நடத்துது, காசு கெடையாது.

எங்ககிட்ட மூணு சிஸ்டம், மூணும் மூணு ஜாதி. விண்டோஸ்ல போடறது சுலபம், ஆனா எல்லாரும் நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுத்திட்டுப் போயிடறாங்க, அங்கதான் தமிழ் விட்டுப்போகுது. கஸ்டம்னு ஒண்ணு வரும், அதுக்குள்ள யூசர் இண்டர்ஃபேஸ் லாங்குவேஜ்ல போயி தமிழையும் சேத்துக்கோங்க. மெனுவுல கோப்பு, தொகு, பார்வைன்னு வந்ததும் பேக்கிங் பாக்கற அக்காவுக்கு அத்தன சந்தோசம், இப்ப அவிகளே சைஸ் வாரியா டஜன் கணக்க அடிச்சுடறாங்க.

டிசைன் பாக்கற தம்பி வெச்சிருக்கறது மேக் மினி. டவுன்லோட் பேஜ்ல மேக்குக்கு ரெண்டு ஃபைல் இருக்கும், ஒண்ணு இண்டெல், இன்னொண்ணு ஆப்பிள் சிலிக்கான், உங்களுது எதுன்னு அபவுட் திஸ் மேக்ல பாத்துட்டு எடுங்க. ஆப் ஸ்டோர்ல இருக்கறதுக்குக் காசு, வெப்சைட்டுல எடுத்தா சும்மா. தமிழ் லாங்குவேஜ் பேக்க இங்க தனியா எறக்கோணும், அதுக்கு முன்னாடி லிப்ரேஆபிஸ ஒருக்கா தொறந்து மூடிட்டுப் போடுங்க. தொறக்க மாட்டேன்னு மேக் அடம்புடிச்சா பிரைவசி அண்ட் செக்யூரிட்டில போயி ஓப்பன் எனிவே குடுக்கோணும்.

மூணாவது, செக்கிங் டேபிள் பக்கத்துல கெடந்த பழைய விண்டோஸ் 7 பெட்டி. 25.8ல இருந்து லிப்ரேஆபிஸ் விண்டோஸ் 7க்கு வரதில்ல, அதனால விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மிண்ட்ங்கற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டோம். மிண்ட்ல லிப்ரேஆபிஸ் கூடவே வந்துருது, ஒரு வேலையும் இல்ல, தமிழ் பேக்கேஜ் மட்டும் சாஃப்ட்வேர் மேனேஜர்ல தேடிப் போட்டுக்கோணும். கூட வர்றது கொஞ்சம் பழைய வெர்ஷனா இருக்கும், எங்க சோலிக்கு அதுவே போதுமுங்க.

இனிதான் முக்கியமான சேதி. விண்டோஸ்ல ஒரே பக்கத்துல அடங்குன சம்பள ஷீட்டு, மேக்ல பிரிண்ட் குடுத்தா கடேசி ரெண்டு பேரும் டோட்டலும் அடுத்த பக்கத்துக்குப் போயிருச்சு. மிண்ட்ல பாத்தா வரி உயரமே வேற. ஃபைல்ல தப்பே இல்லீங்க, ஃபாண்ட்தான் காரணம். விண்டோஸ்ல நிர்மலா, மேக்ல தமிழ் சங்கம், லினக்ஸ்ல லோகித் இல்லைன்னா நோட்டோ, கேட்ட ஃபாண்ட் இல்லாட்டி அந்தந்த சிஸ்டம் தன்கிட்ட இருக்கறத எடுத்து மாட்டிக்குது. மூணுலயும் நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டேன், அப்பவும் சரியாகல, அரை நாள் மண்டைய ஒடச்ச பொறவுதான் தெரிஞ்சுது, இதுல இங்கிலீஷுக்கு ஒரு ஃபாண்ட், தமிழுக்கு இன்னொரு ஃபாண்ட்னு தனித்தனியா வெச்சிருக்கு. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ்ல காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்ட டிக் பண்ணி தமிழ்னு குடுங்க, அப்புறம் கால்க்ல (லிப்ரேஆபிஸ்ல எக்ஸெல் மாதிரி ஷீட்டு போடறது) டீஃபால்ட் ஸ்டைல தொறந்து தமிழ் ஃபாண்ட் கட்டத்துல நோட்டோவ வெய்யுங்க. லிப்ரேஆபிஸோட சொந்த ஓடிஎஸ் ஃபார்மேட்லயே வெளிய அனுப்பற ஃபைல்னா ஃபைல் ப்ராப்பர்டீஸ்ல எம்பெட் ஃபாண்ட்ஸ் டிக் பண்ணிருங்க, ஃபாண்டும் ஃபைலுக்குள்ளயே போயிரும், ஃபைல் சைஸ் ஏறும், பரவால்ல. இப்ப சனிக்கெழம ஷீட்டு மூணு பெட்டிலயும் ஒரே பக்கத்துல நிக்குது.

இன்னொரு செட்டிங், அதே ஆப்ஷன்ஸ்ல லோட் சேவ்ல போயி எப்பவும் எக்ஸெல் ஃபார்மேட்லயே சேவ் ஆகற மாதிரி மாத்திக்கோங்க, இல்லாட்டி பையர் ஆபிஸ்ல இருந்து "ஃபைல் ஓப்பன் ஆகல"ன்னு போன் வந்துட்டே இருக்கும்.

கொறைன்னா மேக்ரோங்க, ஷீட்டுக்குள்ள தானா வேல செய்யற சின்ன புரோகிராம். ஆடிட்டர் அனுப்புன மேக்ரோ ஷீட்டு ஒண்ணு பாதிதான் ஓடுச்சு, அத மட்டும் அவிக ஆபிஸ்லயே போயி முடிச்சுட்டு வர்றேன். பெருசா கஷ்டம் குடுத்தது பாமினிங்கற பழைய தமிழ் ஃபாண்ட்ல அடிச்ச ஃபைலுக. பாமினில அடிச்சது உள்ள இங்கிலீஷ் எழுத்தாத்தான் இருக்கும், ஃபாண்ட் இல்லாத பெட்டில தொறந்தா ஒண்ணும் படிக்க முடியாது. அத யூனிகோடுக்கு, அதாவது எல்லா பெட்டியும் தமிழ்னு புரிஞ்சுக்கற பொது முறைக்கு, மாத்தியே ஆகோணும், கன்வெர்ட்டர்ல போட்டாலும் ஒவ்வொரு பேரையும் கண்ணால பாத்துத்தான் சரி பண்ணோணும். ஆளுக லிஸ்ட்ட முடிச்சுட்டேன், பழைய டெலிவரி சலான் எல்லாம் இன்னும் கெடக்குது, தெனம் சாயங்காலம் டீ டைமுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மாத்திட்டிருக்கேனுங்க.