ஃப்ரேம் ரிலே ரூட்டர்ல பேக்கப்: வருஷக்கணக்கா வச்சிருந்து சொல்றேன்

ஃப்ரேம் ரிலே (ப்ரொவைடர் நெட்வொர்க் வழியா ஆபீஸ்கள இணைக்கற பழைய முறை) லிங்க்குக்கு ஐஎஸ்டிஎன் (ஃபோன் மாதிரி டயல் பண்ணி இணையற டிஜிட்டல் லைன்) பேக்கப் போடணும், நீங்க வச்சிருக்கற அதே சிஸ்கோ ரூட்டர்தான், நம்பலாமானு ஃப்ரெண்ட் ஒருத்தர் கேட்டார். பதில் நீளமா போயிடுச்சு, அதனால எல்லாருக்கும் சேர்த்தே எழுதறேன்.

ரூட்டர் நல்ல ரூட்டர், அதுல சந்தேகமே இல்ல. சீரியல் போர்ட்ல ஃப்ரேம் ரிலே என்கேப்சுலேஷன் (பாக்கெட்ட பொதியற முறை) போட்டு கேபிள சொருகினா எல்எம்ஐ (ப்ரொவைடர் சுவிட்சோட நிலவரம் பேசிக்கற முறை) டைப்ப அதுவே கண்டுபிடிச்சுக்கும், ஒவ்வொரு இணைப்போட நம்பரான டிஎல்சிஐ தானா வந்து நிக்கும், எதிர்முனை ஐபிய இன்வர்ஸ் ஆர்ப் எடுத்துக்கும். எதிர்ல வேற கம்பெனி ரூட்டர்னா எல்லா கம்பெனிக்கும் பொதுவான ஐஇடிஎஃப் என்கேப்சுலேஷன் போட்டா போதும். ஒரு தடவ செட் ஆச்சுன்னா அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்க வேண்டாம்.

கடுப்பு எல்லாம் பேக்கப்லதான். மெயின் இன்டர்ஃபேஸ்லயே பேக்கப் இன்டர்ஃபேஸ் கமாண்ட் போட்டா, அது பார்க்கறது நமக்கும் பக்கத்துல இருக்கற ப்ரொவைடர் சுவிட்சுக்கும் நடுவுல நடக்கற எல்எம்ஐ பேச்ச மட்டும்தான். எதிர்முனை பிவிசி (ரெண்டு ஆபீஸுக்கு நடுவுல ப்ரொவைடர் போட்டுத் தர்ற நிரந்தர இணைப்பு) செத்துக் கிடந்தாலும் சுவிட்ச் பதில் சொல்லிக்கிட்டேதான் இருக்கும், லைன் ப்ரோட்டோகால் அப்னுதான் காட்டும், பிஆர்ஐ (ரூட்டரோட ஐஎஸ்டிஎன் போர்ட்) ஸ்டாண்ட்பைல அசையாம உக்காந்திருக்கும், அங்க பிராஞ்ச்ல எல்லாரும் கைய கட்டிக்கிட்டு நிப்பாங்க. அதனால ஒவ்வொரு பிவிசிக்கும் தனியா பாயின்ட் டு பாயின்ட் சப் இன்டர்ஃபேஸ் (மெயின் இன்டர்ஃபேஸ்குள்ள ஒரே பிவிசிக்குனு பிரிக்கற பகுதி) போட்டு அதுக்கு கீழ பேக்கப் குடுக்கணும். மல்டிபாயின்ட் போட்டா அதுல இருக்கற எல்லா பிவிசியும் விழுந்தாதான் அது டவுன் ஆகும், ஒண்ணுக்கும் உதவாது. அப்படியே போட்டாலும் 10 செகண்டுக்கு ஒரு கீப்அலைவ் (உயிரோட இருக்கியானு சுவிட்ச கேக்கற செய்தி), வழக்கமா ஆறாவதுலதான் பிவிசிங்களோட முழு ஸ்டேட்டஸ், ஆக பிவிசி போனது தெரியவே ஒரு நிமிஷம் ஆகலாம்.

இத விட மோசம், ப்ரொவைடர் நெட்வொர்க் நடுவுல எங்கயோ அடைச்சுக்கிட்டு அந்த தகவல் நம்ம சுவிட்சுக்கு வராதது. எங்களுக்கு அது நடந்துச்சு. பிவிசி ஸ்டேட்டஸ் எடுத்துப் பார்த்தா ஆக்டிவ், அவுட்புட் பாக்கெட் கவுன்ட் ஏறிக்கிட்டே போகுது, இன்புட் கவுன்ட் மட்டும் ஒரே நம்பர்ல நிக்குது. பேக்கப் எழுந்திரிக்கவே இல்ல! மேப் கிளாஸ்ல (பிவிசிக்கு போடற செட்டிங்ஸ் தொகுப்பு) என்ட் டு என்ட் கீப்அலைவ, அதாவது எதிர்முனை ரூட்டரயே நேரா கேட்டுப் பார்க்கறத, ரெண்டு பக்கமும் போட்ட பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்துச்சு, இப்ப பாதை செத்தா சப் இன்டர்ஃபேஸும் சேர்ந்து விழுது. இவ்ளோ அருமையான வசதிய ஏன் டீஃபால்ட்டா ஆன் பண்ணாம ஒளிச்சு வச்சிருக்காங்கனு இன்னிக்கும் கோவம் வருது.

இன்னொண்ணு, ஸ்டாண்ட்பைல கிடக்கற பிஆர்ஐய வேற எதுக்கும் தொட முடியாது, டெஸ்ட் கால் கூட போட முடியாது. அதனால நான் இப்ப டிஸ்டன்ஸ் 200 குடுத்து ஃப்ளோட்டிங் ஸ்டாட்டிக் ரூட்தான் (மெயின் ரூட் போனா மட்டும் உள்ள வர்ற ரூட்) போடறேன். டயலர் லிஸ்ட்ல (எந்த பாக்கெட்டுக்கு கால் போடலாம்னு சொல்ற பட்டியல்) ரவுட்டிங் ப்ரோட்டோகால் பாக்கெட்ட டினை பண்ணிடுங்க, இல்லன்னா கால் கட்டே ஆகாது, பில் எகிறிடும். பேக்கப் கமாண்ட்தான் வேணும்னா டிலே 10 60 (லைன் விழுந்து 10 செகண்ட் கழிச்சு பேக்கப் எழும்பும், லைன் திரும்பி 60 செகண்ட் கழிச்சு அடங்கும்) மாதிரி கட்டாயம் குடுங்க, லைன் ஆடற நாள்ல அதுதான் காப்பாத்தும்.

ரூட்டர பத்தி இவ்ளோ நல்லது சொல்லிட்டு இத சொல்றது கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா பேக்கப்ப நம்பி மட்டும் இத எடுக்காதீங்க. எடுத்தே தீருவேன்னா, கேபிள புடுங்கிப் பார்த்துட்டு பேக்கப் ஓகேன்னு முடிச்சுடாதீங்க, அது எப்பவும் வேலை செய்யும். எதிர்முனை பிவிசிய கொஞ்ச நேரம் டவுன் பண்ணச் சொல்லி ப்ரொவைடர்கிட்ட கேட்டு, அப்ப பிஆர்ஐ எழுந்திரிக்குதானு பாருங்க.