பி.எம்.டபிள்யூ இ46 320ஐ (320i) கார் எடுக்கப் போகிறீர்களா? அந்த முள்ளை நம்பாதீர்கள்

வவுனியாவில் இருக்கும் மச்சான் ஒருவன் போன கிழமை கேட்டான். "320ஐ ஒண்டு நிக்குது, மனுசன் விலையை இறக்கிட்டார். எடுக்கட்டோ?" கேட்டதில் பிழையில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்தபோது விலை விழும் என்று எல்லோரும் காத்திருந்தோம். வரியோடு சேர்த்து வந்த விலையைப் பார்த்த பிறகு, இருபது வயது கடந்த பி.எம்.டபிள்யூ கூட மலிவாகத் தெரியத் தொடங்கிவிட்டது. அவனுக்குத் தொலைபேசியில் சொல்லி முடியாது. வேறு சிலரும் இதையே கேட்பதால் எழுதியே விடுகிறேன்.

எம்54 எஞ்சின், 2.2 லீற்றர், நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், 170 குதிரைவலு. இதெல்லாம் தெரிந்தவர்கள்தான் இந்தப் பக்கம் வருவீர்கள். என்னுடையது மனுவல் கியர். கிளிநொச்சியில் கிடக்கிறது, பெரும்பாலும் ஏ9 இல் ஓடுகிறது. இருக்கை, ஸ்டியரிங், ஓட்டத்தின் சுகம் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை. எனக்குச் சொல்ல இருப்பது வெப்பமானி முள்ளைப் பற்றி.

காரை ஸ்டார்ட் செய்தால் முள் மெல்ல ஏறி நடுவுக்கு வரும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஏறத்தாழ 75 பாகை ஆனதும் நடுவில் நின்றுவிடும். 110ஐத் தாண்டும் வரை அசையாது. அதற்குப் பிறகு அசைந்தால் நேரே சிவப்புத்தான். முள்ளில் பழுது எதுவும் இல்லை, செய்ததே அப்படித்தான். ஓட்டுபவர் சும்மா சும்மா பயப்படக்கூடாது என்பது எண்ணம். குளிர்நாட்டில் அது நல்ல எண்ணமாக இருக்கலாம். ஆனால் இந்த எஞ்சினில் தண்ணீரை றேடியேற்றருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்ரற் திறப்பதே 97 பாகை அளவில். அதாவது சாதாரண ஓட்டத்துக்கும் ஆபத்துக்கும் நடுவே இருப்பது சின்ன இடைவெளி, அந்த இடைவெளியில்தான் முள் வாயே திறக்காது. ஆவணி வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஓமந்தையைத் தாண்டும்போது தண்ணீர் 98 இலா 109 இலா இருக்கிறது என்று டாஷ்போர்டைப் பார்த்து உங்களால் சொல்ல முடியாது. கார் முழுக்க இவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்கள் இதை மட்டும் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

வழி இருக்கிறது. ட்ரிப் பொத்தானை அழுத்தியபடி சாவியைத் திருப்பினால் ஒளித்து வைத்த பரிசோதனைப் பட்டியல் ஒன்று வரும். அதில் 19ஆவது இடத்தில் பூட்டைத் திறந்து, 7ஆவதுக்குப் போனால் உண்மையான வெப்பநிலை இலக்கத்தில் ஓடும். பூட்டின் திறப்பு, செசி இலக்கத்தின் கடைசி ஐந்து எண்களின் கூட்டுத்தொகை. ஆனால் சாவியை நிறுத்தினால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டும். நான் ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கணினியை வாசிக்கும் ஓபிடி புளூடூத் கட்டை ஒன்றைச் செருகி, பழைய தொலைபேசியில் பார்க்கிறேன். இந்தக் காரில் செய்த மேம்படுத்தல்களில் மிக மலிவானது அதுதான், மிகப் பெறுமதியானதும் அதுதான்.

ஏன் என்றால், தண்ணீர்ச் சுற்றில் பாதி பிளாஸ்ரிக். சூடாகி விரியும் தண்ணீர் ஏறி நிற்கும் விரிவுத் தாங்கி, றேடியேற்றரின் கழுத்து, தெர்மோஸ்ரற் கூடு, காற்று எடுக்கும் ஸ்குரூ கூட. மூடி 2 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். வயது போன பிளாஸ்ரிக்குக்கு அந்த அழுத்தமும் எங்கள் வெக்கையும் சேர்ந்தால் தாங்காது. என் காரில் போன தடவை வெடித்தது கொழும்பில் ஒரு கடைக்காரர் "ஒரிஜினல்தான் தம்பி" என்று தந்த டூப்ளிகேற் தாங்கி. சில மாதங்கூட நிற்கவில்லை, ஒட்டு வரியோடு பிளந்தது. புளியங்குளத்துக்குக் கொஞ்சம் முன்னால், நல்ல மத்தியானம். முள் நடுவில். தொலைபேசியில் 112. உடனே எஞ்சினை நிறுத்தி ஒரு பாலை மரத்தின் கீழே உருட்டிவிட்டேன்.

நெல் மூட்டையோடு வந்த உழவு இயந்திரக்காரர் நிறுத்தி, கானோடு இறங்கி வந்தார். "அண்ணை, பச்சைத் தண்ணி ஊத்தவோ?" வேண்டாம் என்று மறிக்க நான் பட்ட பாடு! எஞ்சினின் சூடேறிய அலுமினியத் தலையில் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் வெடிப்பு விடும். இந்த எஞ்சினின் அடிப்பகுதியும் அலுமினியம், அளவுக்கு மீறிச் சூடேறினால் தலையைப் பிடிக்கும் போல்ற்றுகளின் மரையே பிடுங்கி வந்துவிடும். "எங்கட மெசினுக்கு ஊத்துறனாங்கள்தானே" என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். பிறகு டிக்கியில் இருந்த கொளுக்கியை முன் பம்பரில் பூட்டிக் கொடுக்க, சந்தி வரை இழுத்துத் தந்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அவரது வேகத்தில் போனபோதுதான் அந்தக் கார் முதல்முறையாக ஏ9 இன் 70 கிலோமீற்றர் சட்டத்தை முழுமையாக மதித்தது.

இனித் திருத்துவது பற்றி. இங்கேதான் எனக்கு இந்தக் காரில் விருப்பம் வருகிறது. மனுவல் கியர்க் காரில் விசிறி, தண்ணீர்ப் பம்பின் முனையில் 32 அளவு நட்டில் நிற்கும், அது எதிர் மரை, வழமைக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். என் வீட்டுப் பெட்டியில் 32 ஸ்பானர் ஏது? உழவு இயந்திரம் திருத்தும் கராஜ் ஒன்றில் இருந்தது, ஆனால் தடிப்பு. அந்த இடுக்குக்குள் போகாது. கராஜ் ஐயா அதைக் கிரைண்டரில் பிடித்து மெல்லிசாக்கித் தந்தார். போர்க்காலத்தில் எரிபொருளுக்குத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனர் ஓட்டிய தலைமுறை அவர். ஸ்டார்ட் எடுக்க மட்டும் கொஞ்சம் பெற்றோல், மிச்சத் தூரம் மண்ணெண்ணெய். வெடித்த தாங்கியைக் கையில் வாங்கிப் பார்த்து, "ஒழுக்கை அடைக்கக் கொஞ்சம் மஞ்சள் தூள் போட்டு ஓடியிருக்கலாமே" என்றார். அவர் பகிடிக்குச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தாங்கி மட்டும் மாற்றிப் பயனில்லை. தாங்கி, மூடி, தெர்மோஸ்ரற், மேல் கீழ் ஹோஸ்கள், உலோக விசிறியுள்ள பம்ப் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய கதவு, கண்ணாடி, லைற் வாங்கலாம். கழற்றிய பிளாஸ்ரிக் வாங்காதீர்கள், அதற்கும் உங்கள் காரின் வயதுதானே. தண்ணீரும் முக்கியம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், அது றேடியேற்றருக்குள்ளும் படியும். பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரோடு நீலக் கூலன்றைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ஊற்றும்போது சாவி இரண்டாம் நிலையில், ஹீற்றர் முழுச் சூட்டில், விசிறி மிகக் குறைவில் இருக்க வேண்டும். காற்று எடுக்கும் ஸ்குரூவைத் திறந்து வைத்து, குமிழி நிற்கும் வரை பொறுமையாக ஊற்ற வேண்டும். வன்னியில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நிற்பது ஒரு தனித் தவம்.

வேகம் கூட்டுவது பற்றி மச்சான் கேட்டது வேறு: ஏர் ஃபில்ற்றர், சைலன்சர், தாழ்த்தும் ஸ்பிரிங். தாழ்த்துவதை விடுங்கள், மாங்குளத்தில் முல்லைத்தீவுப் பக்கம் திரும்பி உள்ளே ஒரு கிரவல் ஒழுங்கைக்குள் போனாலே ஒயில் பாத்திரம் கதை சொல்லும். இந்தக் காருக்கு உண்மையான மேம்படுத்தல், வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் வனோஸ் அலகின் சீல்தான். கம்பனி போட்ட ரப்பர் வளையங்கள் ஒயிலிலும் சூட்டிலும் கிடந்து இறுகிவிடும். அதோடு 3000 சுற்றுக்குக் கீழே எஞ்சின் சோம்பேறியாகும். அது இந்தக் காரின் குணம் என்று நினைத்தே பலர் ஓட்டுகிறார்கள். விற்றன் ரப்பரும் ரெஃப்ளோன் வளையமும் கொண்ட சீல் தொகுதி ஒரு சின்ன உறைக்குள் வரும். வால்வ் கவரைக் கழற்றி, முன்முனையில் இருக்கும் வனோஸ் அலகை இறக்க வேண்டும். உள்ளே மறுபடியும் எதிர் மரை, கவனம். ஆனால் முடித்துப் பூட்டி முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போன அன்று, மூன்றாம் கியரில் மெதுவாக மிதித்ததற்கே கார் எழும்பிய விதம் இருக்கிறதே! புதிதாக ஒரு குதிரைவலுவும் நான் சேர்க்கவில்லை. எப்போதோ தொலைந்தது திரும்ப வந்தது, அவ்வளவுதான். கச்சான் வாங்க மறந்து போய் வீட்டில் ஏச்சு வாங்கினேன்.

சரி, மச்சானுக்கு என்ன சொன்னேன்? எடுக்காதே என்றேன். அவன் காருக்குக் கீழே படுக்கிற ஆள் இல்லை. பொனற்றைத் திறந்தால் வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றி மூடுபவன். அவனுக்கு ஒரு பழைய கொரோலா போதும், அந்த முள்ளைப் பார்த்து நித்திரை கெடவும் வேண்டாம். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன், கையில் கிறீஸ் படாதவர்கள் கிட்டேயும் போகாதீர்கள்.

ஆனால் அவன் போய்ப் பார்க்கத்தான் போகிறான். அதனால் இதையும் சொல்லி வைத்தேன்: எஞ்சினுக்குக் காற்றுப் போகும் இன்ரேக் பக்கத்தில் இரண்டு ஸ்குரூவில் நிற்கும் டிசா வால்வைக் கழற்றி ஆட்டிப் பார். உள்ளே கடகடவென்று சத்தம் வராமல், தகடு உடையாமல் இருந்தால் எனக்கு உடனே ஃபோன் அடி. மனுசன் இன்னும் கொஞ்சம் இறக்கினால் அந்தக் காரை நான் எடுக்கிறேன்.