ஊர்ப் பெயரா, சொந்தப் பெயரா? டெல்டாவின் பட்டுக்கும் விளக்குக்கும் காபிக்கும் அரிசிக்கும் எது கைகொடுக்கும்

திருபுவனம் பட்டு, நாச்சியார்கோவில் விளக்கு, சுவாமிமலை சிலை, கும்பகோணம் வெற்றிலை என்று காவிரி டெல்டாவில் ஊரே பொருளுக்கு விலாசமாக நிற்கிறது. அதனால் இங்கே தொழில் செய்பவர் முன்னால் ஒரு கேள்வி எப்போதும் உண்டு. கையிலிருக்கும் கொஞ்சப் பணத்தையும் உழைப்பையும் ஊர்ப் பெயரின் புவிசார் குறியீட்டில் (அந்த ஊர்ப் பொருளுக்கு மட்டும் ஊர்ப் பெயரைக் காக்கும் அரசுப் பதிவு) போடுவதா, சொந்த டிரேட்மார்க்கில் (உங்கள் வணிகப் பெயரின் பதிவு) போடுவதா? முதல் தடவை வாங்குபவரை ஊர்ப் பெயர் கூட்டி வரும். அவரே மறுபடி வர வேண்டுமென்றால் சொந்தப் பெயர் வேண்டும். ஆகவே ஒரு குடும்பம் உங்கள் பொருளை எவ்வளவு அடிக்கடி வாங்குகிறது என்று முதலில் பாருங்கள். பாதி விடை அங்கேயே இருக்கிறது.

இரண்டுக்கும் பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில்தான். புவிசார் குறியீடு பொதுவாக ஒரு சங்கத்தின் அல்லது அமைப்பின் பெயரில் இருக்கும். அதை விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது. ஊருக்குக் குறியீடு கிடைத்துவிட்டது என்பதால் ஒவ்வொரு உற்பத்தியாளருக்கும் உரிமை தானாக வந்துவிடாது. ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ என்று தனித்தனியே பதிந்துகொள்ள வேண்டும். அதற்கான கட்டணம் 2020 விதித் திருத்தத்தில் 10 ரூபாயாகக் குறைந்தது. இந்தப் பதிவைச் செய்யாமல் விட்டவர், போலி விற்பவர் மேல் தன் பெயரில் குறியீட்டு மீறல் வழக்குப் போட முடியாது. பலர் கோட்டை விடும் இடம் இது.

டிரேட்மார்க்குக்குத் தனிநபரும் சிறு நிறுவனமும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4,500 ரூபாய் கட்ட வேண்டும். அரிசியும் காபித்தூளும் 30ஆம் வகுப்பு, சேலை 25, விளக்கு 11. ‘தஞ்சை பாரம்பரிய அரிசி’ என்று விண்ணப்பித்தால் ஆட்சேபணை வரும், ஏனென்றால் ஊரையும் பொருளையும் வர்ணிக்கும் சொற்களை ஒருவருக்கு மட்டும் தர மாட்டார்கள். படத்தோடு லோகோவாகப் பதிந்தாலும் ‘தஞ்சை’ என்ற சொல் உங்களுடையது ஆகாது. விண்ணப்பத்தைப் பார்த்து அலுவலகம் அனுப்பும் ஆய்வறிக்கை வந்தால் 30 நாளுக்குள் பதில் போக வேண்டும். மெயிலைப் பார்க்காமல் விட்டே விண்ணப்பத்தை இழந்தவர்கள் நிறைய. அலுவலகத்தின் டிரேட்மார்க் இதழில் வெளியான பின் மற்றவர்கள் எதிர்ப்புச் சொல்ல 4 மாதம் உண்டு. பதிவு கிடைத்தால் 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

பட்டுச் சேலை கல்யாணத்துக்கு வாங்குவது. மறுபடி எப்போது வாங்குவார்கள் என்று சொல்ல முடியாது. கடையில் நிற்பவருக்குக் கைத்தறியையும் விசைத்தறியையும் பிரித்துப் பார்க்கவும் தெரியாது. இங்கே ஊர்ப் பெயர்தான் வலுவானது. திருபுவனம் பட்டுக்கு 2019இல் குறியீடு கிடைத்தது. ஆனால் அது மட்டும் போதாது. சில்க் மார்க் முத்திரை பட்டு சுத்தம் என்று சொல்லும், ஜரிகையின் தரத்தைச் சொல்லாது, கைத்தறி என்றும் சொல்லாது. கைத்தறிக்குத் தனி முத்திரை இருக்கிறது. இவற்றோடு ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்பதையும் பில்லில் எழுதிக் கொடுக்கும் கடைக்கு விளம்பரச் செலவு குறையும்.

நாச்சியார்கோவில் விளக்குக்கு வேறு தொல்லை. போட்டோவில் பார்த்தால் கனமான வார்ப்பும் தகட்டு விளக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உயரத்தை மட்டும் போட்டு விலை சொன்னால் தகட்டு விளக்கே மலிவாகத் தெரியும். எடையை முதல் வரியில் போடுங்கள். அடிப்பாகத்தைக் கவிழ்த்து ஒரு படம், தண்டின் திருகு மரையைக் கழற்றி ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அடியில் பட்டறையின் பெயரைப் பொறித்துவிட்டால் ஊர்ப் பெயரும் சொந்தப் பெயரும் ஒரே செலவில் முடிந்துவிடும். சுவாமிமலை சிலையில் ஸ்தபதியின் பெயரே எல்லாம். மெழுகு அச்சை உருக்கி வார்ப்பதால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான் வரும், விளம்பரத்தால் விற்பனையைப் பெருக்கவும் வழியில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ‘இது தொல்பொருள் அல்ல’ என்ற இந்தியத் தொல்லியல் துறைச் சான்றிதழை வாங்கித் தரும் பட்டறையைத்தான் அவர் அடுத்தவருக்கும் சொல்வார்.

கும்பகோணம் டிகிரி காபியின் நிலை இதற்கு நேர்மாறு. நெடுஞ்சாலையில் அந்தப் பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டலாம், மாட்டியும் இருக்கிறார்கள். பித்தளை டபரா செட்டும் எல்லோரிடமும் உண்டு. காபித்தூள் விற்பவர் ஊர்ப் பெயரை நம்பிச் செலவழித்தால் அது பக்கத்துக் கடைக்கும் சேர்த்துச் செய்த செலவு. இங்கே தயங்காமல் சொந்தப் பெயர்தான். கலவையில் சிக்கரி 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எவ்வளவு என்று பாக்கெட்டில் போட வேண்டும். அந்த எண்ணை ஒளிக்காமல் பெரிதாகப் போட்டு, மாதாமாதம் மாறாமல் காத்தால் அதுவே பிராண்ட். வறுத்த சூட்டோடு அரைத்து உடனே ஒட்டினால் உள்ளே வாயு சேர்ந்து பை உப்பும். ஒருவழி வால்வு வைத்த பை வாங்குங்கள், இல்லையென்றால் ஒட்டும் முன் ஆறவிடுங்கள்.

பாரம்பரிய அரிசிதான் இதில் அதிகம் யோசிக்க வேண்டியது. மாப்பிள்ளை சம்பா, கருப்புக் கவுனி என்ற ரகப் பெயர்கள் எல்லோருக்கும் பொது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் போன்றோர் உழைத்துப் பரப்பிய மதிப்பு அது. வாங்கும் குடும்பமோ மாதாமாதம் வாங்குகிறது. சொந்தப் பெயருக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. சென்னைக் கடைக்கு மூட்டையாகக் கொடுத்து அவர்கள் லேபிளில் விற்கவிடுவது இன்னொரு வழி. பணம் சீக்கிரம் வரும், பாக்கிங் தலைவலி இல்லை. ஆனால் சாப்பிட்டவர் மனதில் நிற்பது கடைக்காரர் பெயர். விளைச்சலில் ஒரு பங்கை மட்டும் அப்படிக் கொடுத்து மீதியைச் சொந்தப் பையில் போடுவது நல்லது.

இந்த பிராண்டுகள் பெரும்பாலும் சரியும் இடம் சமையலறை. மாப்பிள்ளை சம்பாவைப் பொன்னி போல வடித்தால் சோறு விறைத்து நிற்கும், அந்த வீடு மறுபடி வாங்காது. ‘6 முதல் 8 மணி நேரம் ஊறவைக்கவும், ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர், குக்கரில் வேகவிடவும்’ என்று பையின் முன்பக்கத்திலேயே இருக்க வேண்டும். கவுனிக்கு ‘இரவு முழுக்க ஊறவைக்கவும், தண்ணீரில் சாயம் இறங்குவது இயல்பு’ என்று சேர்க்க வேண்டும். இல்லையென்றால் கலர் சேர்த்த அரிசி என்று புகார் வரும்.

அடுத்தது இருப்பு. தீட்டாத அரிசியின் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் சிக்கு வாடை வரும், வண்டும் விழும். புழுங்கல் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். தை அறுவடையை மொத்தமாக அரைத்துவிடாமல் நெல்லாகவே காயவைத்து வைத்து, ஆர்டருக்குத் தக்க மாதாமாதம் அரையுங்கள். ஐப்பசியில் ‘ஸ்டாக் இல்லை’ என்று சொல்ல நேர்ந்தால், அதுவரை சேர்ந்த வாடிக்கையாளர் வேறு பெயருக்குப் பழகிவிடுவார். வெற்றிடப் பாக்கிங்குக்கு மெல்லிய பை வேண்டாம், அரிசி முனை குத்தி காற்றுப் புகுந்துவிடும். பையிலேயே அச்சிடக் கலருக்கு ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும், குறைந்தபட்ச ஆர்டரும் பெரிது. விலை மாறினால் அத்தனையும் வீண். முதல் ஆண்டு வெறும் பையில் ஸ்டிக்கர் போதும். உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண், அரைத்த தேதி, நிகர எடை, விலை எல்லாம் அதில் அடங்கும். 25 கிலோ வரை லேபிளோடு பொட்டலமிட்ட அரிசிக்கு 2022 ஜூலையிலிருந்து 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. விலை போடும்போதே இதைக் கணக்கில் சேருங்கள்.

கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் குறியீடு கிடைத்தது. ஆனால் ராஜகிரி, பண்டாரவாடைக் கொடிக்கால் இலை மண்டியில் இறங்கியதும் மற்ற இலையோடு கலந்துவிடுகிறது. பாக்கெட் இல்லாத, சில நாளில் வாடும் பொருளில் முத்திரையை எங்கே ஒட்டுவது? 100 இலைக் கவுளியை வாழைநாரில் கட்டும்போதே அச்சிட்ட காகிதப் பட்டை ஒன்றைச் சுற்றி, மண்டியைத் தாண்டிக் கல்யாணக் காண்டிராக்டர்களிடம் நேராகக் கொடுத்தால் பெயர் வாங்குபவர் கைவரை போகும். முகூர்த்த மாதங்களில் இதைத் தொடங்குவது சுலபம், கேட்பவர்களே தேடி வருவார்கள்.