எங்கள் ஊர் ரேஷன் கடை: கட்டின வரி அரிசியாகத் திரும்பி வரும் இடம்

ஹோட்டலுக்கும் ஜவுளிக்கடைக்கும் ஆளாளுக்கு நட்சத்திரம் கொடுத்து எழுதுகிறோம், ஆனால் மாதம் தவறாமல் போய் நிற்கிற ரேஷன் கடையைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அதனால் நான் எழுதுகிறேன். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. நான் மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் பில் போட்டுக் கணக்கு எழுதுகிறேன், வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுகிறார். பகல் முழுக்க ஜிஎஸ்டி பில்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு, இந்த வரியெல்லாம் போய் நம்மை மாதிரி ஆட்களுக்கு என்னதான் திரும்பி வருகிறது என்ற கேள்வி வராமல் இருக்குமா? வரும். என் வரையில் அது கண்ணால் பார்த்து நிறுத்து வாங்குகிற மாதிரி திரும்பி வருவது இரண்டு இடத்தில்தான். ஒன்று டவுன் பஸ், 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, எனக்கு மாதம் ஏறக்குறைய ஐந்நூறு ரூபாய் மிச்சம், அதில் பேச்சே இல்லை. இன்னொன்று இந்த ரேஷன் கடை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கார்டுக்கு 20 கிலோ அரிசி, அதற்குக் காசு கிடையாது, 2011 ஜூன் மாதத்திலிருந்தே தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு பாக்கெட் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய் வீதம் இரண்டு கிலோ. மொத்தம் 105 ரூபாய். இதே பருப்பையும் எண்ணெயையும் சர்க்கரையையும் போன மாதம் பலசரக்குக் கடையில் விலை கேட்டுக் கூட்டினேன், 345 ரூபாய் வந்தது. அரிசியைச் சேர்க்காமலே 240 ரூபாய் லாபம். மழைக்காலத்தில் பால் வெட்டு நின்று போகிற வாரங்களில் இந்த 240 ரூபாய்க்கு என்ன மதிப்பு என்று பால் வெட்டுகிற வீட்டுக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். இலவசம் கொடுத்து மக்களைக் கெடுக்கிறார்கள் என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் ஒரு மாதம் எங்கள் அடுக்களையில் வந்து நின்று பார்க்கட்டும்.

கடை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. வாடகைக்கு எடுத்த பழைய ஓட்டுக் கட்டடம், உள்ளே சாக்கு வாசனை, வெளியே நிற்பதற்கு ஒரு முழ நிழல். சரக்கு இருப்பு எழுதுகிற கரும்பலகை உண்டு, எங்கள் சேல்ஸ்மேன் அக்கா அதைத் தினமும் எழுதிவிடுவார், இதைச் சொல்லியே ஆக வேண்டும். முன்பெல்லாம் எடை பெரிய குறையாக இருந்தது. ஒரு மாதம் சந்தேகம் வந்து வீட்டில் நிறுத்துப் பார்த்தேன், 20 கிலோ அரிசி 19 கிலோ 300 கிராம்தான் இருந்தது. அடுத்த மாதம் போய்க் கேட்டபோது அந்த அக்கா கோபப்படவே இல்லை, "குடோன்ல இருந்து வர்ற மூடையிலயே குறையுது, நான் யாருகிட்ட போய்க் கேக்க?" என்றார். இப்போது எடைத் தராசையும் கைரேகை வைக்கிற பிஓஎஸ் கருவியையும் ப்ளூடூத்தில் இணைத்துவிட்டார்கள், தராசில் சரியான எடை காட்டினால்தான் பில் வரும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் நிறுத்துப் பார்க்கிறேன், எடை சரியாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக வைத்து எடுக்க வேண்டியிருப்பதால் வரிசை முன்பைவிட மெதுவாக நகர்கிறது, சர்வர் போய்விட்டால் எல்லோரும் அப்படியே நிற்க வேண்டியதுதான். ஒரு நாள் நான் பதினொரு மணிக்கு நின்று ஒன்றரை மணிக்குச் சும்மா திரும்பினேன். அன்றைக்கு அரை நாள் சம்பளம் போச்சு. 240 ரூபாய் லாபத்துக்காக அரை நாள் கூலியை விடுகிறவள் என்ன லாபம் கண்டாள், சொல்லுங்கள். சாயங்காலம் ஏழு மணிவரை திறந்து வைத்தால் கூலி வேலைக்குப் போகிற எல்லோருக்கும் ஆகும். இதற்கு ஒன்றும் பெரிய நிதி வேண்டாம்.

அடுத்தது அம்மாவின் கை. அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், இருபத்தேழு வருடம் தோடு உடைத்தவர். வறுத்த முந்திரியை உடைக்கும்போது தோட்டிலிருந்து கசிகிற எண்ணெய் தோலைப் பொத்துவிடும், சாம்பலைத் தேய்த்துக்கொண்டு உடைப்பார்கள், இருந்தும் விரல் நுனியெல்லாம் கறுத்து, உரிந்து, மறுபடி வளர்ந்து, கடைசியில் ரேகை என்று ஒன்றே இல்லாமல் வழவழவென்று ஆகிவிட்டது. 2020 அக்டோபரில் ரேஷனுக்குக் கைரேகை கட்டாயம் என்று வந்ததும் முதல் மாதமே பிரச்சினை. வலது பெருவிரல், இடது பெருவிரல், சிவப்பு விளக்கு. சேல்ஸ்மேன் அக்கா தன் முந்தானையால் அம்மாவின் விரலைத் துடைத்து, "அம்மா, மோதிர விரல வைங்க, கொஞ்சம் அழுத்துங்க" என்று பத்து விரலையும் வைத்துப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்ட ஆரம்பித்தார்கள். அம்மா வெளியே வந்து, "இத்தன வருசம் வேல செஞ்ச கை, இந்த மிஷினுக்குத் தெரியல மக்களே" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. இந்த மாவட்டத்தில் முந்திரி ஆலையில் தேய்ந்த கையோடு எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று சென்னையில் உட்கார்ந்து அந்தக் கருவியை வாங்கினவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்புறம் ஆதாரோடு இணைத்த போனுக்கு ஓடிபி, பிறகு கருவிழி ஸ்கேன் என்று வழி பிறந்தது, அது உண்மை. ஆனால் அந்த இடைப்பட்ட மாதங்களில் அம்மா கடைக்கு வரவே மாட்டேன் என்றுவிட்டார்.

இப்போது அம்மா தனி கார்டு, எழுபது தாண்டிவிட்டது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே வண்டியில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். முதல் தடவை வண்டி வந்தபோது அம்மா வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார், நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போன பையனுக்குக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். அரசாங்கம் செய்த காரியங்களில் இதைப்போல என் மனசுக்கு நிறைவாக இருந்தது வேறொன்றும் இல்லை.

சரி, அந்த ஒரு நட்சத்திரத்துக்கு வருகிறேன்.

குமரி மாவட்டத்துக்காரர்கள் மதியம் சாப்பிடுவது பெரும்பாலும் சம்பா அரிசிச் சோறு, சிவப்பாக, தடித்து, மீன் குழம்பு ஊற்றினால் நிற்கிற சோறு. ரேஷனில் வருகிற புழுங்கல் அரிசி எங்கள் வீட்டில் தோசைக்கு ஆகும், பச்சரிசி புட்டுக்கும் ஆப்பத்துக்கும் ஆகும், மீதி கிடக்கும். பக்கத்து வீடுகளிலும் இதே கதைதான். மீதி கிடக்கிற அரிசியைக் கிலோவுக்குச் சில ரூபாய் கொடுத்து வீடு வீடாக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது மூடை மூடையாகக் களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குப் போகிறது, விளவங்கோடு பக்கம் அதிகாரிகள் துரத்திப் பிடித்துப் பறிமுதல் செய்கிறார்கள், செய்தி வருகிறது, மறு வாரம் மறுபடி பிடிக்கிறார்கள். நம் வரிப்பணத்தில் வாங்கின அரிசி இப்படி எல்லை தாண்டுவதைத் தடுக்க இன்னும் எத்தனை செக்போஸ்ட் போடுவார்கள்? வாய்க்குப் பிடித்த அரிசியைக் கொடுத்தால் யாரும் விற்க மாட்டார்கள். நாஞ்சில் நாட்டில் இன்றைக்கும் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் விளைகிறது, அம்பை 16 என்ற ரகம் போடுகிறார்கள், திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணுக்கென்றே டிபிஎஸ் ரகங்களைக் கொடுத்திருக்கிறது. அரசு கொள்முதல் நிலையத்தில் எடுக்கிற அந்த நெல்லை இங்கேயே அவித்துக் குத்தி இங்குள்ள ரேஷன் கடைக்குக் கொடுத்தால், வயல் வைத்திருக்கிறவன் வாழை போடாமல் நெல்லையே போடுவான், நாங்களும் அந்தச் சோற்றைச் சாப்பிடுவோம்.

பாமாயிலும் அப்படித்தான். எங்கள் முற்றத்தில் பதினாறு தென்னை நிற்கிறது, கடலுக்கு அப்பாலிருந்து கப்பலில் வந்த எண்ணெயை நான் பையில் வாங்கிக்கொண்டு அந்தத் தென்னைகளுக்கு நடுவில் நடந்து வீட்டுக்கு வருகிறேன். ரேஷனில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று தென்னை விவசாயிகள் எத்தனையோ வருடமாகக் கேட்கிறார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சா பாமாயில் மேல் அடிப்படை இறக்குமதி வரியை 20 சதவீதம் ஆக்கியது. தேங்காய் விற்கிற நான் அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன், கடையில் எண்ணெய் வாங்குகிற நான் முகம் சுளித்தேன். 2025 மே கடைசியில் அதை 10 ஆகக் குறைத்தார்கள், அப்போது நேர்மாறு. அந்த வருடம் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டினபோது நானே பாதி சமையலைப் பாமாயிலுக்கு மாற்றினேன். அந்த விலையில் மாநிலம் முழுவதும் தேங்காய் எண்ணெய் கொடு என்றால் நடக்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் காய் விலை விழுகிற வருடங்களில், குமரி மாதிரி தேங்காய் எண்ணெயிலேயே சமைக்கிற மாவட்டத்துக்காவது, மாதம் அரை லிட்டர் கொடுத்தால் என்ன? விழுகிற விலையைத் தாங்கிப் பிடித்த மாதிரியும் ஆகும்.

இனி வரிப் பக்கம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி போட்டார்கள். உடனே கடைகளில் 26 கிலோ மூடை வந்தது, இன்றைக்கும் அதுதான் வாங்குகிறோம். 26 கிலோ மொத்தமாக வாங்கக் காசு இருக்கிறவனுக்கு வரி இல்லை, அன்றாடக் கூலியில் ஐந்து கிலோ பாக்கெட் வாங்குகிறவன் வரி கட்டுகிறான். பில் போடுகிற எனக்கே இது நெஞ்சில் குத்துகிறது. தேங்காய் எண்ணெய்க் கதை இன்னும் விசேஷம், சின்ன பாட்டிலில் இருந்தால் அது சமையல் எண்ணெயா தலைக்குத் தேய்க்கிற எண்ணெயா, 5 சதவீதமா 18 சதவீதமா என்று உச்ச நீதிமன்றம் வரை போய் 2024 டிசம்பரில்தான் சமையல் எண்ணெய் என்று முடிவானது. 2025 செப்டம்பர் 22 முதல் தலை எண்ணெய், சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் எல்லாம் 18-லிருந்து 5-க்கு வந்தது நல்ல விஷயம், எங்கள் மாத பில்லில் கொஞ்சம் குறைந்திருக்கிறது, பத்து ரூபாய் பாக்கெட்டுகளில் மட்டும் விலை குறையாமல் கிராம் கூடியிருக்கிறது.

மத்திய அரசுக்கு ஒரு ரூபாய் போனால் தமிழ்நாட்டுக்கு 29 பைசாதான் திரும்புகிறது என்று மாநில அரசு சொல்கிறது. 15-வது நிதிக்குழு மத்திய வரியில் மாநிலங்களுக்கு என்று வைத்த 41 சதவீதத்தில் நமக்கு வந்தது 4.079 சதவீதம். ஏழை மாநிலத்துக்கு அதிகம் போகட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை, வடக்கிலிருந்து இங்கே கட்டட வேலைக்கு வந்த ஒரு பையன் அவன் ஊர் கார்டுக்கு எங்கள் கடையிலேயே கைரேகை வைத்து அரிசி வாங்கிப் போனதைப் பார்த்தபோது மனசுக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் செஸ், சர்சார்ஜ் என்று வேறு பெயரில் வசூலிக்கிறதை மாநிலங்களோடு பங்கு போடாமல் வைத்துக்கொள்வது சரியில்லை. அதேபோல மாநிலத்துக்கு வந்த பணம் மாவட்டத்துக்கு எப்படி வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவில் 37 கோடியில் கண்ணாடிப் பாலம் கட்டினார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நானும் நடந்தேன், அழகாக இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்த 37 கோடியில் ஒரு துளியாவது எங்கள் ரேஷன் கடைக்கு ஒரு கூரையாகவும், காலையிலிருந்து சாயங்காலம் வரை உள்ளே உட்கார்ந்திருக்கிற அந்த அக்காவுக்கு ஒரு கழிப்பறையாகவும் வந்திருக்கலாம். அவர் இன்றைக்கும் பக்கத்து வீட்டுக்குத்தான் போய் வருகிறார்.

இந்தக் கடைக்குப் புதிதாகக் கார்டு மாற்றி வருகிறவர்களுக்கு: மாதம் முதல் வாரம் போகாதீர்கள், பருப்பும் பாமாயிலும் வந்து சேர்ந்திருக்காது, பத்தாம் தேதிக்கு மேல் போனால் எல்லாம் ஒரே தடவையில் வாங்கிவிடலாம். பச்சரிசிக்கும் புழுங்கலுக்கும் தனித்தனிப் பை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்காத பொருளுக்கு வாங்கினதாக மெசேஜ் வந்தால் அன்றைக்கே 1967-க்குப் போன் போடுங்கள். வீட்டில் முந்திரி ஆலைக்குப் போன பெரியவர்கள் இருந்தால், கடைக்கு வந்தவுடனேயே கருவிழி ஸ்கேன் என்று கேட்டுவிடுங்கள், விரலை வைக்கச் சொல்லி நிற்க வைக்க வேண்டாம்.